மூக்கு நேராகத் திரும்பும்போது

ஜூன் 9, 2025, திங்கள்

பக்ரீத் லீவு முடிந்து ஷெட்டுக்குப் போனேன். வண்டியூர் தாண்டி வெயிலில் நடந்ததில் பாதி உயிர் போய்விட்டது. மீதியை முதலாளி பீமாராவ் சார் வாங்கினார். ராணுவத்துக்கு நாங்கள் செய்யும் ஆளில்லா விமானம் இந்த முறை ரேடார் சோதனையில் தேறவில்லையென்றால், பூச்சை வெளிநாட்டிலிருந்தே வாங்கிக்கொள்வாராம். பூச்சுப் பிரிவு வேண்டாமாம். பிரிவு என்றால் என்ன, நான் ஒருத்திதான்.

புருஷன் ஆறுதல் சொல்வார் என்று பார்த்தால், "ஊர்ல எல்லாரும் பளிச்சுன்னு தெரியத்தான் பெயிண்ட் அடிப்பாய்ங்க. நீ தெரியாம இருக்க அடிக்கிற. எப்பிடி வெளங்கும்?" என்கிறார் அசீம். கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது.

ஜூன் 13, வெள்ளி

கடைசிப் பூச்சு காய்ந்துவிட்டது. பிசினில் நைசான இரும்புத்தூள். மேலே படும் ரேடார் அலையைத் திரும்ப விடாமல் உள்ளே வாங்கிச் சூடாக்கித் தீர்த்துவிடும். அதற்கும் தப்பிய அலையை விமானத்தின் சரிவான உடம்பு வேறு பக்கம் தள்ளிவிடும். அனுப்பிய ரேடாருக்கு எதுவும் திரும்பிப் போகக் கூடாது — அவ்வளவுதான் வித்தை.

இறக்கைகளை அச்சில் வார்க்கிற ஜெயக்கொடி காலையில் கோயிலுக்குப் போய்விட்டுத் தாமதமாக வந்தாள். என்ன விசேஷம் என்றால் சிரிக்கிறாள்.

ஜூன் 19, வியாழன், பெங்களூரு

தேறவில்லை.

ஜூன் 20, வெள்ளி

ரயிலில் சார் வெளிநாட்டுப் பூச்சுகளின் விலைப்பட்டியலைப் புரட்டிக்கொண்டே வந்தார். திட்டியிருந்தால் தேவலாம். வீட்டுக்கு வந்து குளியலறையில் அழுதேன். எதில் தப்பு? தூள் அடியில் தங்கிவிட்டதா? கை நடுங்கி மெலிதாக அடித்துவிட்டேனா? ஒண்ணும் புரியல. எம்புட்டு நாள் உழைப்பு...

ஜூன் 21, சனி

அழுது முடித்தபின் சோதனைப் படத்தை விரித்தேன். விமானத்தை ரேடார் முன்னால் சுற்றவிட்டு எடுத்தது. எல்லாப் பக்கமும் திரும்பி வந்த அலையின் கோடு தரையோடு படுத்துக் கிடக்கிறது. மூக்கு நேராகத் திரும்பும் இடத்தில் மட்டும் பனைமரம் மாதிரி ஒரு குத்து. பூச்சு கெட்டிருந்தால் எல்லாப் பக்கமும் ஏறியிருக்க வேண்டாமா? மூக்கில் பூச்சே கிடையாது. உள்ளிருக்கும் ஆன்டெனா வெளியே பார்க்க வேண்டும் என்று வெறும் கண்ணாடி இழையில் செய்தது. அலை தாராளமாக உள்ளே போய் வரும். அப்படியானால் — உள்ளே என்ன?

ஜூன் 23, திங்கள்

விமானத்தை வேனிலிருந்து இறக்கியதும் மூக்கைக் கழற்றினேன். உள் தடுப்பில் டேப் போட்டு ஒட்டிய செப்புத் தகடு. கட்டம் கீறி, மஞ்சள் தடவி, வந்த அலையை வந்த வழியே திருப்பிவிடுகிற மாதிரி ரேடாரை நேருக்கு நேர் பார்த்தபடி. நிமிர்ந்தால் ஜெயக்கொடி அழுதுகொண்டு நிற்கிறாள்.

"உன் பெயிண்டு தேறணும்னுதான் மந்திரிச்சு வாங்கியாந்தேன் நிலோ. அது இம்புட்டு வேலை பாக்கும்னு எனக்கென்ன தெரியும்?"

வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். ராணுவச் சாமானுக்குள் கையை விட்டால் கம்பி எண்ண வேண்டியதுதான் என்றேன். திட்டத் திட்ட நெஞ்சு லேசாகிக்கொண்டே போகிறது. யா அல்லா, என் பூச்சு மேல தப்பில்ல. தப்பே இல்ல. அப்புறம் அவளைக் கட்டிக்கொண்டு நானும் அழுதேன்.

யார் வைத்தது என்று சாரிடம் சொல்லாமல் விட்டுவிடலாமா என யோசிப்பதற்குள் அவளே போய்ச் சொல்லிவிட்டாள். சார் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எந்தக் கோயில் என்று கேட்டார். கண்ணில் ஒற்றி டிராயருக்குள் வைத்தார். அதற்குப் பிறகுதான் கத்த ஆரம்பித்தார். வேலையை விட்டு மட்டும் போகச் சொல்லவில்லை.

ஜூலை 3, வியாழன், பெங்களூரு

தேறிவிட்டது! மூக்கு நேராகத் திரும்பியபோது மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கோடு எழும்பவே இல்லை. பூச்சு யாருடையது என்று அங்கிருந்த ஆபீசர் கேட்டதும் சார் என்னை முன்னால் தள்ளிவிட்டார். முதல் போன் ஜெயக்கொடிக்கு. அசீமுக்கு அப்புறம்தான்.

ஜூலை 14, திங்கள்

பூச்சுப் பிரிவுக்குப் புது மிக்சர் வந்திருக்கிறது. இன்று இரண்டாவது விமானத்தின் மூக்கை மூடினோம். சார் பக்கத்தில் நின்றால்தான் மூடலாம் என்பது புது உத்தரவு. அவர் டார்ச் அடித்துப் பார்த்தார், நானும் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. ஜெயக்கொடி மூக்கைக் கையில் வைத்துக்கொண்டு மாட்டாமல் நின்றாள்.

"உங்க வீட்டுல ஓதி ஊதுவீங்கள்ல. அதுல செம்பு கிம்பு இல்லையே?"

சாரைப் பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஓதி, உள்ளே மெதுவாக ஊதினேன். ஊதியது வெளியே போகுமுன் ஜெயக்கொடி மூக்கை வைத்து மூடிவிட்டாள்.