தேநீர்க் கடை மாடியிலிருந்து விழுந்தவன்

1975, மே 12

காலையில் சிப்பாயாகச் செத்தேன். மதியம் தாடி ஒட்டிக்கொண்டு கொள்ளைக்காரனாக இன்னொரு தடவை. இரண்டு தடவையும் கொன்றவர் சாய் மன்-ஹோய். உப்பு மூட்டை சுமக்கிறவர்களுக்காக அந்தக் காலத்தில் சீனாவை ஆண்ட மஞ்சு அரசாங்க ஆட்களை அடித்துத் துரத்திய வீரர். அவர் பெயர் தெரியாத குழந்தை ஹாங்காங்கில் இல்லை. படத்தில் அவராக நடிக்கும் மோக் அண்ணன் நிழலில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

“சோய், நீ மட்டும் எப்படிடா சலிக்காம சாகுற?”

“பழக்கம்ண்ணே.”

மொட்டைத் தலைக்கு ஒட்டும் ரப்பரைக் கழற்றினால் உள்ளே அரைக் கோப்பை வியர்வை.

மே 14

நாளை தேநீர்க் கடை சண்டை. மோக் அண்ணன் உதைக்க, நான் மாடியிலிருந்து மல்லாந்து விழ வேண்டும். கீழே மூங்கில் பந்தல்; அது உடைந்து, அதற்கடியில் அடுக்கிய அட்டைப் பெட்டிகளின் மேல் போய் விழுவேன். சண்டை அமைக்கும் கூன் மாஸ்டர் கூப்பிட்டுச் சொன்னார்: “கையை நீட்டாதே. நீட்டினா பயந்தவன் விழுற மாதிரி இருக்கும். உதை வாங்கினவன் மாதிரி விழு.”

வீட்டில் மனைவி யுக்-ஃபாங் கேட்டாள். “நாளைக்கு என்ன சாவு?”

“சின்னச் சாவுதான்.”

மே 19

ஆஸ்பத்திரி. இடுப்பெலும்பு, வலது தொடை.

பந்தல் மூங்கில்களைப் பாதி அறுத்து வைப்பது வழக்கம். ஒன்றை மட்டும் அறுக்காமல் விட்டிருக்கிறார்கள். அது உடையாமல் என்னை ஓரமாகத் தள்ளிவிட்டது. பெட்டிகளுக்கு அப்பால் கல்தரை. எவன் விட்டது என்று கூன் மாஸ்டர் எல்லோரையும் உலுக்கிக்கொண்டிருக்கிறாராம். நான் கேட்கவில்லை. கேட்டால் எலும்பு ஒட்டிவிடுமா?

தரையில் கிடந்தபோது கைதட்டல் கேட்டது. அவர்களுக்கு அப்போது இன்னும் தெரியவில்லை.

மே 21

வலி. வேறொன்றும் இல்லை.

மே 28

டாக்டர் சொன்னார்: நடக்கலாம், குதிக்கக் கூடாது.

“எப்பவுமேவா?”

“முப்பத்தாறு வயசு ஆளுக்குக் குதிக்க என்னப்பா வேலை?”

அதுதான் வேலை என்று சொல்லியிருக்கலாம்.

ஜூன் 4

டைரக்டர் யிப் ஆரஞ்சுப் பழங்களோடு வந்தார். பழங்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் அடுக்கினார். கடைசியில் விஷயத்துக்கு வந்தார். நான் விழுந்தது முழுசாகப் படத்தில் பதிந்திருக்கிறது. எடிட்டிங்கில் பார்த்தவர்கள் இன்னொரு தடவை ஓட்டச் சொன்னார்களாம். கம்பெனியில் பாதிப் பேர் அது பாவம், அபசகுனம், படத்தில் வேண்டாம் என்கிறார்கள்.

“நீ ஒரு வார்த்தை சொல்லு சோய். வெட்டிப் போட்டுடறேன்.”

“விழுந்தது நல்லா இருக்கா சார்?”

“பதினஞ்சு வருஷத்துல இப்படி ஒண்ணு நான் எடுத்ததில்ல.”

“அப்ப இருக்கட்டும்.”

யுக்-ஃபாங் பக்கத்தில்தான் இருந்தாள். ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த கை நின்றது.

ஜூன் 5

நேற்று டைரக்டர் போனபின் எனக்கும் யுக்-ஃபாங்குக்கும் நடந்தது. இன்றுதான் எழுத முடிகிறது.

“உங்க எலும்பு முறியறதப் பாத்து ஊரே கைதட்டணுமா?”

“முறியறது தெரியாது. விழறதுதான் தெரியும்.”

“எனக்குத் தெரியும்ல?”

உடனே வேறொன்றைச் சொன்னேன். இத்தனை வருஷத்தில் நான் செத்த சாவையெல்லாம் எவன் வேண்டுமானாலும் செத்திருப்பான். இது ஒன்றுதான் என்னுடையது என்றேன். மூஞ்சிகூடத் தெரியாது, இதில் என்ன உங்களுடையது என்றாள். பையை எடுத்துக்கொண்டு தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஜூன் 8

அவள் வரவில்லை. மைத்துனி கஞ்சி கொண்டுவந்தாள். “அக்கா தையல் ஃபாக்டரிக்குப் போயிட்டு வருது, சாப்பிடுது, யார்கூடயும் பேசல” என்றாள்.

அவளுக்காகவாவது வெட்டச் சொல்லியிருக்கலாமோ? வெட்டினால் என்ன மிஞ்சும்? நான் எதற்காக இங்கே படுத்திருக்கிறேன் என்று ஒருத்தர் கேட்டால் என்ன காட்டுவேன்? சரி, யார் கேட்கப்போகிறார்கள்? ஒருத்தரும் இல்லை. இருந்தாலும்—

ஜூன் 13

வந்தாள். மீன் சூப். உப்பு சரியாக இருந்தது.

ஜூலை 22

வீடு. லிஃப்ட் கிடையாது, ஐந்தாவது மாடி. ஒரு பக்கம் ஊன்றுகோல், இன்னொரு பக்கம் யுக்-ஃபாங். மூன்றாவது மாடியில் நின்று இருவரும் மூச்சு வாங்கினோம். “மாடியிலேருந்து விழத் தெரியுது, ஏறத் தெரியலையே” என்றாள். ஆஸ்பத்திரியில் சண்டை போட்டதற்குப் பிறகு அவள் செய்த முதல் கேலி. சிரித்தால் இடுப்பு வலிக்கிறது.

செப்டம்பர் 18

படம் வெளியாகிவிட்டது. பஸ் நிறுத்தத்தில் மோக் அண்ணனின் பெரிய முகம். போகலாமா என்று நான் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

செப்டம்பர் 21

நிலாப் பண்டிகைக்கு மறுநாள். மதியம் யுக்-ஃபாங் சட்டையை எடுத்துக் கட்டிலில் போட்டு, “கிளம்புங்க” என்றாள். இரண்டு டிக்கெட் வாங்கி வைத்திருந்தாள்.

அரங்கு நிறைந்திருந்தது. சிப்பாயாகச் செத்தேன், யாரும் கவனிக்கவில்லை. கொள்ளைக்காரனாகச் செத்தேன், அப்படியே. பிறகு தேநீர்க் கடை. மோக் அண்ணன் கால் உயர்ந்தது. ஒரு முதுகு மாடிக் கைப்பிடியைத் தாண்டிக் காற்றில் வந்தது. என் முதுகை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. நன்றாகத்தான் விழுந்திருக்கிறேன். அரங்கில் எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தார்கள், பிறகு கைதட்டல்.

எங்களுக்கு முன் வரிசையில் ஒருவன் பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னான்: “பொம்மைடா அது. துணியில சுத்தி வீசியிருக்கானுங்க. மனுஷன் அப்படி விழுவானா?”

எனக்குக் கோபம் வரவில்லை. ஒருவகையில் பாராட்டுதான்.

யுக்-ஃபாங் குனிந்து அவன் தோளைத் தட்டினாள்.

“பொம்மை இல்ல தம்பி. எங்க வீட்டுக்காரர்.”

அவன் திரும்பி என்னைப் பார்த்தான். பிறகு ஊன்றுகோலை. திரைப்பக்கம் திரும்பிக்கொண்டான். அதற்குள் சாய் மன்-ஹோய் அடுத்த தெருவுக்குப் போய்விட்டிருந்தார்.

வெளியே வந்து நூடுல்ஸ் கடையில் உட்கார்ந்தோம். அவள் பாதிக் கிண்ணத்தில் நிறுத்தினாள்.

“அந்த இடத்துல நான் கண்ண மூடிக்கிட்டேன்.”

“தெரியும்.”

“அடுத்த ஆட்டத்துக்கு டிக்கெட் கிடைக்குதா பாருங்க.”

கிடைத்தது. ஓர இருக்கை. காலை நீட்டிக்கொள்ள வசதியாக இருந்தது.