அது சம்மதம் அல்ல

அன்புள்ள மகனுக்கு,

உன் பெரியம்மா ஆசியுடன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம் என்று தொடங்குவதுதான் முறை. உன் அம்மா விஷயத்தில் அந்த வரியை எழுத எனக்குக் கை வரவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஃபோனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ காரை ஓட்டிக்கொண்டே பேசுகிறாய். நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் "ம், சொல்லுங்க, சொல்லுங்க" என்கிறாய். எழுதினால் என் வேகத்துக்குத்தான் நீ வர வேண்டும்.

முதலில் வீட்டுச் செய்தி. லிஃப்ட் மறுபடியும் நின்றுவிட்டது. நான் மாடியிலிருந்து உன் அம்மா வீட்டுக்குக் கைப்பிடியைப் பிடித்தபடி இறங்கி வருகிறேன். முழங்கால் ஏதோ சொல்லிப் பார்க்கிறது, நான் காதில் போட்டுக்கொள்வதில்லை. குளியலறைக் குழாய் ஒழுகியதைச் சரிசெய்தாயிற்று. நீ அமர்த்திய பெண் நல்லவள். உன் அம்மாவைக் குளிப்பாட்டித் தலை வாரிவிடுவதில் குறை சொல்ல முடியாது. டீ போடத்தான் வரவில்லை. வெந்நீரைப் பயமுறுத்தி நிறம் மாற்றிக் கொண்டுவந்து தருகிறாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவை முதியோர் இல்லத்தில் சேர்க்க ஏற்பாடாகிவிட்டது, மாதக் கடைசியில் வண்டி வரும், வீட்டைக் காலி செய்துவிடலாம் என்று நீ செய்தி அனுப்பியிருந்தாய். "அம்மாகிட்டயே கேட்டுட்டேன் பெரியம்மா, அவங்களுக்குச் சம்மதம்" என்றும் எழுதியிருந்தாய். நீ வீடியோவில் கேட்டபோது நான் அவள் பக்கத்தில்தான் இருந்தேன். அங்கே தோட்டம் இருக்கிறது, இரவும் பகலும் நர்ஸ் இருப்பார்கள் என்றெல்லாம் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, கடைசியில் "ஹவ் டஸ் இட் சவுண்ட்?" என்றாய். அவள் "குட்" என்றாள். உன் முகம் திரையில் மலர்ந்ததையும் பார்த்தேன்.

மகனே, அது சம்மதம் அல்ல.

எங்கள் கான்வென்டில் மதர் ஒருவர் இருந்தார். சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கும்போது ஒரு வினைச்சொல்லை வீசுவார். அதோடு சேர்ந்து வரும் சொல்லை நாங்கள் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போக முடியும். ஃபீல் என்றால் குட். லுக், சவுண்ட், ஸ்மெல், டேஸ்ட், எல்லாவற்றுக்கும் குட்தான். கோ என்றால் மட்டும் குட் வராது, பேட் என்று சொல்ல வேண்டும். பால் கெட்டுப்போனால் அந்த மொழியில் அப்படித்தான். ஏன் மதர், நன்றாகப் போகவே போகாதா என்று உன் அம்மா ஒரு நாள் கேட்டுவிட்டு, எல்லோருக்கும் கடைசியாகச் சாப்பிட்டாள். காரணம் ஒன்றும் இல்லை, கூடவே இருந்து பழகிவிட்டன என்பார் மதர். நாங்கள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். பிறகு அவள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த காலமெல்லாம் அதே சொற்கள்தான் அவள் வாயில் புழங்கின.

பக்கவாதம் வந்து அவள் பேச்சு மொத்தமாக நின்றபோது, பேச்சுப் பயிற்சி தரும் பெண்தான் இதைக் கண்டுபிடித்தாள். பாதியை எடுத்துக் கொடுத்தால் மீதியை உன் அம்மா முடித்தாள். தமிழில் ஒன்றும் வரவில்லை, இது வந்தது. "எது வருதோ அதுலயே பேசுங்க, தைரியம் வரும்" என்றாள் அந்தப் பெண். அதோடு இன்னொன்றும் சொன்னாள்: "பாட்டு மாதிரிம்மா இது. முதல் அடியை எடுத்தா வாய் தானா முடிச்சிடும். அவங்க மனசு சொல்றதா எடுத்துக்காதீங்க." முதல் பாதியை மட்டும்தான் நாம் எல்லோரும் கேட்டுக்கொண்டோம். அன்று வீட்டில் இருந்த சந்தோஷத்தில் இரண்டாவதைக் கேட்க யாருக்கு நேரம்? அன்றிலிருந்து நீ ஃபோனில் "ஹவ் டு யூ ஃபீல்?" என்பாய், அவள் "குட்" என்பாள், நீ நிம்மதியாக வைத்துவிடுவாய். வருகிறேன் என்று எடுத்த விமான டிக்கெட்டையும் அந்த நிம்மதியில்தான் ரத்து செய்தாய்.

போன வாரம் பால் தம்ளர் கைதவறி அவள் மடியில் கொட்டிவிட்டது. கொதிக்கிற பால். தொடை சிவந்து தோல் பொங்கிவிட்டது. (பயப்படாதே, டாக்டர் வந்து பார்த்தார், ஆறி வருகிறது.) பார்த்துக்கொள்ளும் பெண் பதறிப்போய், உன்னிடமிருந்து கேட்டுக் கேட்டுப் பழகியதை அப்படியே கேட்டாள்: "அம்மா, ஹவ் ஃபீல்?" உன் அம்மா "குட்" என்றாள். கண்ணீர் கழுத்துவரை வழிந்துகொண்டிருந்தது.

அந்தப் பெண், "பாத்தீங்களா பெரியம்மா, எவ்வளவு பொறுமை" என்றாள். எனக்கு அது பொறுமையாகத் தெரியவில்லை. மறுநாள் திரிந்துபோன பாலை அவள் மூக்கருகே கொண்டுபோய் "ஸ்மெல்" என்றேன். முகம் சுளித்தது. வாய் "குட்" என்றது. "கோ" என்றேன், "பேட்" என்றாள். சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். கட்டிப்போட்டவளைக் கிச்சுக்கிச்சு மூட்டினால் எப்படிப் பார்ப்பாள், அப்படி. அதற்குமேல் நான் கேட்கவில்லை.

பிறகு, நீ அனுப்பிய அந்த இல்லத்தின் வண்ணப் படத் தாளை எடுத்து, ஒரு வார்த்தையும் பேசாமல் அவள் முன்னால் விரித்தேன். நிதானமாகப் பார்த்தாள். தோட்டத்தைப் பார்த்தாள், வரிசைக் கட்டில்களைப் பார்த்தாள். நடமாட்டம் உள்ள இடது கையால் தாளைக் குப்புறக் கவிழ்த்தாள். காற்றில் புரண்டதோ என்று மறுபடி நிமிர்த்தி வைத்தேன். மறுபடியும் கவிழ்த்து, மேலே கையை வைத்துக்கொண்டாள்.

உன்னைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. நீ கேட்டாய், பதில் வந்தது, நம்பினாய். நீ எந்த அந்நியனிடமும் பணிவாகப் பேசுகிறவன், அம்மாவை வதைக்கிறவன் அல்ல. நான் உன்னிடம் கேட்பது ஒன்றுதான். ஏற்பாட்டைத் தள்ளிவை. அவளிடம் தமிழில் கேள். கேட்டுவிட்டுக் காத்திரு.

இன்னொன்று. நீ என்னை நினைத்துக் கவலைப்படுவதாக எழுதியிருந்தாய். தேவையில்லை. உன் அம்மா கீழே இருந்தாலும் இல்லாவிட்டாலும் எனக்குப் பொழுது போகும். உன் பெரியப்பா போன பிறகு தனியாக இருக்க நன்றாகவே கற்றுக்கொண்டேன். இதில் என் சௌகரியம் எதுவும் கலக்கவில்லை என்பதை நீ புரிந்துகொள்ள வேண்டும்.

உன் மனைவிக்கு என் அன்பு. நீ அனுப்பிய செய்தியில் "சவுண்ட்ஸ் வெல்" என்று எழுதியிருந்தாய். அது தவறு. சொல்லாமல் விட மனம் வரவில்லை.

ஆசிகளுடன்,
பெரியம்மா

---

அன்புள்ள மகனுக்கு,

கடிதம் கிடைத்ததும் நீ பேசியதற்குச் சந்தோஷம். நீ வைத்த பிறகு இங்கே நடந்தது உனக்குத் தெரியாது. அதனால் உடனே எழுதுகிறேன்.

நீ நான் சொன்னபடியே கேட்டாய். "அம்மா, அங்க போறியா, இங்கயே இருக்கியா?" என்றாய். சின்ன வயதில் பேசிய அதே தமிழில் கேட்டாய். அவள் நிமிர்ந்தாள். உதடு பிரிந்தது. தொண்டையில் எதையோ தேடுவதுபோல் நாக்கு புரண்டது. நான் அவள் முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தேன், உடம்பு முழுவதும் இறுகியிருந்தது. பக்கத்தில் இருந்திருந்தால் நீயும் மூச்சை அடக்கிக்கொண்டிருப்பாய். ஆனால் திரையில் அது வெறும் மௌனமாகத்தான் உனக்குத் தெரிந்திருக்கும். "ஹலோ, கேக்குதா? லைன்ல இருக்கீங்களா?" என்றாய். அப்புறம் உனக்குத் தாங்கவில்லை. "ஹவ் டு யூ ஃபீல், அம்மா?" என்று கேட்டுவிட்டாய்.

"குட்" என்றாள்.

"பாத்தீங்களா பெரியம்மா, நல்லாத்தான் இருக்காங்க, நீங்கதான் மனசைப் போட்டுக் குழப்பிக்கறீங்க" என்றாய். வண்டியைத் தள்ளிப்போட முடியாது, இடம் போய்விடும் என்றாய். வைத்துவிட்டாய்.

அவள் ஃபோனை மடியிலிருந்து எடுக்க விடவில்லை. பார்த்துக்கொள்ளும் பெண் இரண்டு முறை கையை நீட்டினாள், நான் தலையசைத்துத் தடுத்தேன். டீ ஆறிப்போனது. வாசலில் காய்கறி வண்டி வந்து போனது. வெகுநேரம் கழித்து, அணைந்துபோன திரையைப் பார்த்து, "வா" என்றாள்.

நான் எதையும் கூட்டிச் சொல்கிறவள் இல்லை என்று உனக்குத் தெரியும். அது உன்னைக் கூப்பிட்டதா, வாயில் தற்செயலாக வந்த ஒலியா என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. ஆனால் அந்தச் சொல்லை யாரும் அவளுக்கு எடுத்துக் கொடுக்கவில்லை. அதை மட்டும் சத்தியமாகச் சொல்வேன்.

இன்று காலை அந்த இல்லத்துக்கு நானே ஃபோன் செய்தேன். வண்டி வேண்டாம் என்றேன். "நீங்க யாரும்மா?" என்று கேட்டார்கள். அக்கா என்றேன். மகன்தான் சொல்ல வேண்டும் என்றார்கள். அது அவர்கள் நியாயம். அதனால் என் வீட்டைப் பூட்டிவிட்டு, தலையணையையும் மாத்திரைப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு கீழே வந்துவிட்டேன். உன் அம்மாவின் அறையில்தான் படுக்கை போட்டிருக்கிறேன். வண்டி வந்தால் என்னிடம் பேசட்டும். எனக்கு நல்ல ஆங்கிலம் வரும்.

போன கடிதத்தில் என் சௌகரியம் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். அதை நீ படிக்காததாக வைத்துக்கொள்.

நேற்று இரவு அவள் என் பக்கம் திரும்பிப் படுத்தாள். கண் திறந்தே இருந்தது. நான் எதுவும் கேட்கவில்லை, அவளும் எதுவும் முடித்துக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. இப்படி எவ்வளவு நாள் ஓடும் என்று தெரியாது. என்னால் அவளைத் தூக்கி உட்காரவைக்க முடியாத நாள் வரும். அப்போது அந்த இல்லம்தான் வழி என்றால் நானே அவள் பெட்டியை அடுக்குகிறேன். ஆனால் அதற்குமுன் அதை அவள் பக்கத்தில் உட்கார்ந்து நீ கேட்டிருக்க வேண்டும், அவள் சொல்லி முடிக்கும்வரை நீ இருந்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

உன் பெரியப்பா போனபோதுகூட உன்னை வா என்று நான் சொன்னதில்லை. வேலை இருக்கும், பிள்ளைகளுக்குப் பள்ளி இருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இப்போது அந்தச் சமாதானம் எதுவும் என்னிடம் மீதமில்லை.

அங்கே குளிர் தொடங்கியிருக்கும். காதை மூடிக்கொள். வரும் வழியில் வெறும் வயிற்றோடு இராதே, விமானத்தில் கொடுப்பதைச் சாப்பிடு. நீ நன்றாக இருக்க வேண்டும், உன் குடும்பம் நன்றாக இருக்க வேண்டும். நீ வந்து சேரும்வரை உன் அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன்,
பெரியம்மா