அவள் சொன்ன பெயர்

அன்பு மருமகள் சத்யப்பிரியாவுக்கு,

உன் ஆராய்ச்சியைப் பற்றி நீ போனில் சொன்னது முழுக்க விளங்கிவிட்டது. மூளையின் செல்கள் கண்ணுக்குத் தெரியாத பொடிப் பைகளை வெளியே விடும். சில பைகள் கெட்ட புரதத்தை அடுத்த செல்லுக்குச் சுமந்துபோய் மறதியைப் பரப்பலாம். இதை ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் நூறு பேருக்கு விளக்கினேன். கண்டக்டர் விசில் அடிக்காமல் கேட்டுக்கொண்டு நின்றான்.

நேற்று உன் அத்தையை ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவருக்கும் நான்தான் பைகளைப் பற்றி எடுத்துச் சொன்னேன். எழுந்து நின்று கைகொடுத்தார்!

பிறகு என்னைக் காட்டி, "இவர் பேர் என்னம்மா?" என்று அவளைக் கேட்டார். அவள் வாய் திறக்கவில்லை. ஞாபகச் சோதனைத் தாளில் தப்பு போட்டார்.

நான் விடுவேனா? "சார், நாப்பத்தோரு வருசத்துல எம்பேர அவ ஒருநாளும் சொன்னதில்ல. புருசன் பேரச் சொல்ற வழக்கம் எங்கள்ல கிடையாது. இது மறதி இல்ல, மரியாதை!" என்றேன். டாக்டர் சிரித்தபடி அதை அடித்துவிட்டுச் சரி போட்டார். ஜெயித்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

வீட்டுக்கு வந்ததும் அவளுக்குச் சோறு போட்டு வைத்தேன். தட்டைத் தள்ளிவிட்டு, என் பெயரை இனிஷியலோடு கணீரென்று சொன்னாள். "அவிய வரட்டும், பொறவு சாப்பிடுதேன். நீங்க யாரு?" என்றாள்.

"செத்த நேரத்துல வந்துருவாரு தாயி, நீங்க சாப்பிடுங்க" என்றேன்.

நான் எதைச் சொன்னாலும் "அளக்காதிய" என்று மடக்குகிறவள், இதை அப்படியே நம்பிச் சாப்பிட்டாள்.

உன் தாய்மாமன்