பசுவுக்குப் பயந்தவள்

கிருத்திக் அப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் முட்டிவலி தேவலையா? பையன் ஒழுங்காகச் சாப்பிடுகிறானா? போனில் கேட்டால், "அதெல்லாம் ஒண்ணுமில்ல புள்ள" என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

இந்த அயர்லாந்து ஊரில் மணிக்கு ஒரு பஸ்தான். திங்கட்கிழமை ஆஸ்பத்திரி வேலை முடிந்து அதைப் பிடிக்க நடந்தேன். பனிமூட்டத்தில் நடுரோட்டில் கறுப்பாக, பெரிதாக ஒன்று நின்றது. நம் ஜெகதளாவில் காட்டுமாட்டைக் கண்டால் செய்வதுபோல மூச்சுக்காட்டாமல் நின்றுவிட்டேன். பஸ் போயே போய்விட்டது. பறவை பார்ப்பதே பொழுதுபோக்கான இரண்டு கிழவர்கள் பைனாகுலரோடு வந்து, அதன் முதுகில் தட்டி ஓரமாக ஓட்டினார்கள். பண்ணைப் பசு! மறுநாள் ஊர்ச் செய்திப் பக்கத்தில் பசு வந்ததையும், நான் பயந்து நின்றதையும் போட்டுவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்தாலே 'மூ' என்று கத்துகிறார்கள்.

என் எரிச்சல் அதில் இல்லை. இங்கே பசு ரோட்டுக்கு வந்தாலே செய்தி. நம் ஊரில் டீ ஃபேக்டரிக்குப் போகும் குறுக்குப்பாதையில் காட்டுமாடு ஒருவரை முட்டியதை நான் குன்னூர் வாட்ஸ்அப் குரூப்பில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டுமா? நீங்கள் தினமும் போகும் பாதைதானே அது? அன்றைக்கும் "ஒண்ணுமில்ல புள்ள"தான்!

நம் ஃபேக்டரி டீத்தூள் அரைக்கிலோ அனுப்புங்கள். இங்கத்திய டீ வெறும் வெந்நீர். உங்களுக்கு ஒரு நல்ல டார்ச் வாங்குங்கள். சுற்றாக இருந்தாலும் ரோட்டு வழியே போங்கள்.

பஸ் வருகிறது, முடிக்கிறேன். வழியில் கறுப்பாக எது நின்றாலும், பசுவாகவே இருந்தாலும், நின்றுவிடுங்கள். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

ராஜப்ரியா