எதிராளியாக நின்றவள்

அண்ணா,

பள்ளிக்கூடம் திறக்கப்போகிறது என்று மகளுக்குக் கேன்வாஸ் ஷூ வாங்க எர்ணாகுளம் போயிருந்தேன். கடைக்காரர் அவள் காலுக்கு அளவு தேடிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்ற ஒருவர் டென்னிஸ் பந்து கேட்டார். டப்பாவைத் திறந்ததும் அந்த வாசனை வந்தது. புது ரப்பரும் கம்பளி ரோமமும் கலந்த வாசனை. மகள் ஒரு காலில் மட்டும் ஷூவோடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். "ஏம்மா அழற?" என்றாள். நான் இரண்டு காலிலும் போட்டு நடந்து பார்க்கச் சொன்னேன்.

நமக்குப் புதுப் பந்து என்பது உன் மேட்ச்சுக்கு முந்தின நாள் மட்டும்தான். மற்ற நாளெல்லாம் கிளப் ஆட்கள் ஆடித் தேய்த்துத் தள்ளிய வழுக்கைப் பந்துகள். "நாளைக்கு என்ன பந்தோ அதே பந்து இன்னைக்கும் கைக்குப் பழகணும்" என்று அப்பாவிடம் கெஞ்சி எப்படியோ வாங்கி வருவாய். நீ போன பிறகு முதல் தடவையாக அந்த வாசனை. கடையில் உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிடுவேனோ என்று பயமாக இருந்தது.

அப்பா அந்தக் கிளப்பில் மார்க்கர். ஜோடி கிடைக்காத உறுப்பினர்களோடு ஆடிக் கொடுப்பதும், மண் கோர்ட்டை உருட்டித் தண்ணீர் தெளித்துச் சுண்ணாம்புக் கோடு போடுவதும் அவர் வேலை. உறுப்பினர்கள் சாயங்காலம்தான் வருவார்கள். விடிந்ததிலிருந்து வெயில் ஏறும்வரை கோர்ட் நம்முடையது. மட்டாஞ்சேரி குடோன் வாசல்களில் சுக்குச் சாக்கு இறங்குவதற்கு முன்பே நாம் இரண்டு பேரும் நடந்து போய்ச் சேர்ந்துவிடுவோம். நான் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, உன் பழைய சட்டையில். உனக்குப் பயிற்சிக்கு வேறு ஆள் இல்லை என்பதால் என்னை யாரும் தடுக்கவில்லை.

ஜெயிப்பதைப் பற்றி உனக்கு ஒரே ஒரு கொள்கைதான் இருந்தது. "மேட்ச்சுல புதுசா ஒண்ணும் நடக்கக் கூடாது பாப்பா. நடக்கப்போறதெல்லாம் அதுக்கு முன்னாடியே நடந்து முடிஞ்சிருக்கணும்." அதற்காக, அடுத்து உன்னோடு மோதப்போகிறவனின் ஆட்டத்தைப் போய்ப் பார்ப்பாய். எல்லோரும் பந்தைப் பார்ப்பார்கள். நீ அவன் காலைப் பார்ப்பாய், பந்தை மேலே தூக்கும் கையைப் பார்ப்பாய், ஒரு புள்ளி தோற்றதும் அவன் எங்கே பார்க்கிறான் என்று பார்ப்பாய். வீட்டுக்கு வந்து, சாப்பாட்டுத் தட்டை விட்டு எழுந்து, சாதக் கரண்டியைப் பிடித்துக்கொண்டு அவனைப் போலவே ஆடிக் காட்டுவாய். "கவனிச்சியா? நாளைக்கு நீ கோயமுத்தூர்க்காரன்."

மறுநாள் நான் கோயமுத்தூர்க்காரன். அவனைப் போலப் பந்தைச் சீவி அடிப்பேன், அவனைப் போல முன்னால் வரப் பயப்படுவேன். சேலத்திலிருந்து ஒரு இடக்கைக்காரன் வந்தபோது, இடது கையால் ஆடப் பழகினேன். பெங்களூர்க்காரன் ஒருவன் தோற்கத் தொடங்கினால் கோபத்தில் பந்தை ஓங்கி அடிப்பான். நானும் கோபப்பட்டு அடித்தேன். அம்மா சாயா ஆற்றிக்கொண்டே, "இன்னைக்கு யாருடி நீ?" என்று கேட்பாள். சொல்லிவிட்டு ஓடுவேன்.

அந்தக் காலத்தில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை அண்ணா. இதைப் பொய்யாக எழுதக்கூடாது. நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். சில காலைகளில் அந்த வேஷத்தில் உன்னையே ஜெயித்துவிடுவேன். நீ கோபப்படவே மாட்டாய். குடத்துத் தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டு, "இன்னொரு தடவை" என்பாய். அந்த ஆளை என்னிடம் ஜெயித்த பிறகுதான் நிஜ ஆளிடம் போவாய். மேட்ச் அன்று காலையில் கஞ்சியும் பயறும் மட்டும். பேச்சே கிடையாது. முன்னதாகவே மைதானத்துக்குப் போய், எதிராளி நிற்கப்போகிற பக்கத்தில் நின்று, அவன் கண்ணில் வெயில் எப்போது விழும் என்று பார்த்துக்கொண்டிருப்பாய். பிறகு ஆட்டம் தொடங்கினால், ஏற்கெனவே ஒரு தடவை நடந்ததைத் திரும்பச் செய்கிறவன்போல ஆடுவாய். கிளப்பில் அதை அதிர்ஷ்டம் என்றார்கள்.

நீ மட்டாஞ்சேரி குடோனில் பார்த்துவந்த வேலையை விட்டுவிட்டு டென்னிஸையே தொழிலாக எடுத்துக்கொண்ட பிறகு ஒரு நாள், பெண்களுக்கான போட்டி எர்ணாகுளத்தில் நடக்கிறது, உன் பெயரைக் கொடுத்துவிட்டேன் என்று என்னிடம் வந்து சொன்னாய். அப்பா தயங்கினார். இவள் சின்னப் பெண் இல்லையே, நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்கள் என்றார். இவளை ஜெயிக்க நானே அவஸ்தைப்படுகிறேன், அங்கே வருகிறவர்களெல்லாம் எம்மாத்திரம் என்று நீ அவரைச் சமாதானப்படுத்தினாய். அம்மா வெள்ளைத் துணியில் முழங்கால் மறைய ஒரு பாவாடை தைத்தாள்.

எனக்கு முதல் எதிராளி திருச்சூரிலிருந்து வந்த ஒரு பெண். நீ வழக்கம்போல அவளைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, மறுநாள் காலையில் எனக்காக அவளாக மாறிக் காட்ட முயன்றாய். உன்னால் முடியவில்லை. மெதுவாக, உயரமாக நாலு பந்து அனுப்புவாய், ஐந்தாவதில் உன் சொந்த அடி வந்துவிடும். நாம் இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அதில் சிரிக்க ஒன்றுமில்லை என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது.

அன்று அந்த வெள்ளைப் பாவாடையோடு கோர்ட்டில் இறங்கினேன். அவள் மெதுவாகவும் உயரமாகவும் அடித்தாள். நானும் மெதுவாகவும் உயரமாகவும் அடித்தேன். கொஞ்ச நேரத்தில் அவள் நிற்கிற மாதிரியே நின்றேன், அவள் மாதிரியே ராக்கெட்டைத் தாழ்த்திப் பிடித்தேன். பந்து போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது, முடியவே இல்லை. வேடிக்கை பார்த்தவர்கள் சிரிக்கத் தொடங்கினார்கள். அடி, ஓங்கி அடி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கை கேட்கவில்லை. எதிரில் இருக்கிறவராக மாறுவதற்குத்தான் அந்தக் கை பழகியிருந்தது. அவளுடைய ஆட்டத்தை என்னைவிட அவள் நன்றாக ஆடினாள். நான் தோற்றேன். கம்பி வலைக்குப் பின்னால் நீ இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது எனக்குத் தெரிந்தது.

மட்டாஞ்சேரிக்குப் போட் ஏறித் திரும்பினோம். துறைமுகத்துக் கப்பல்களைத் தாண்டும்போது கேட்டாய்.

"நீ எங்க தோத்தன்னு உனக்குத் தெரியுதா?"

"யார்கிட்ட தோத்தேன்னே தெரியலண்ணா," என்றேன்.

நீ முகத்தைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாய். "நான் உன்னைத் தின்னுட்டேன் பாப்பா," என்றாய். அப்படிச் சொல்லாதே என்றேன். நீ மறுபடியும் அதையே சொன்னாய்.

மறுநாளிலிருந்து நீ யாரையும் கரண்டியால் ஆடிக் காட்டவில்லை. கோர்ட்டில் எதிர்ப்பக்கம் நின்று, "நீயா ஆடு" என்று மட்டும் சொன்னாய். நான் நின்றேன். என்ன செய்வதென்று தெரியவில்லை. அழுகை வந்தது. நீ அவசரப்படவில்லை. மழைக்காலம் முடிந்து தளம் இறுகுகிற நாட்கள் அவை. பந்து நன்றாக எழும்பும். ஒரு நாள், பந்து தரையிலிருந்து கிளம்பும்போதே, உச்சிக்குப் போகவிடாமல் அடித்துவிட்டு வலையை நோக்கி ஓடினேன். ஏன் ஓடினேன் என்று எனக்கே தெரியாது. அப்படி ஆடுகிற ஒருவரையும் நீ எனக்குக் காட்டியதில்லை. பந்து உன்னைத் தாண்டிப் போய் மூலையில் விழுந்தது. நீ அசையாமல் நின்றாய். "இத நான் எங்கயும் பார்த்ததில்லையே," என்றாய். உன் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நீ ஜெயித்த நாட்களில்கூட நான் கண்டதில்லை.

அதற்குள் உனக்கு மெட்ராஸிலிருந்து அழைப்பு வந்துவிட்டது. அங்கே ஜெயிக்கிறவனுக்கு வெளிநாட்டுப் போட்டிகளுக்குப் போக வழி கிடைக்கும். நீ அதுவரை காத்திருந்ததே அதற்காகத்தான். எதிராளி பம்பாயிலிருந்து வரும் உயரமான ஒரு இடக்கைக்காரன். அவனுடைய சர்வ் எதிரே நிற்கிறவனைக் கோர்ட்டை விட்டே வெளியே இழுத்துக்கொண்டு போகும். அவனை நீ முந்தைய வருஷம் பெங்களூரில் பார்த்திருந்தாய். நான்தான் முதலில் பேச்சை எடுத்தேன். அவன் எப்படிப் போடுவான் என்று காட்டு, ஒரு வாரம் இடது கையால் ஆடுகிறேன் என்றேன்.

நீ ராக்கெட் கம்பிகளை விரலால் நிமிண்டிக்கொண்டிருந்தாய். தலையை நிமிர்த்தவில்லை.

"வேண்டாம். இப்பத்தான் உனக்குன்னு ஒரு கை வந்திருக்கு. அத மறுபடியும் பறிச்சுக்க மாட்டேன்."

ஒரு வாரத்தில் ஒன்றும் கெட்டுவிடாது என்று அப்பா சொன்னார். அம்மாவும் சொன்னாள். நீ கேட்கவில்லை. அவனுடைய சர்வ் வருகிற பக்கமாக அப்பாவைப் பந்து எறியச் சொல்லியும், கிளப் சுவரில் தனியாக அடித்தும் தயாரானாய். காலைகளில் வழக்கம்போல எனக்கு எதிரே வந்து நின்று, "நீயா ஆடு" என்றாய்.

மெட்ராஸில் தோற்றுவிட்டு வந்தாய். எப்படி என்று அப்பா கேட்டதற்கு, "அந்த சர்வ் எங்க வரும்னு எனக்குத் தெரிஞ்சுது. கால்தான் போகல," என்றாய். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. நான் அடுக்களையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதே வருஷம் ஆலுவாவிலிருந்து என்னைப் பெண் கேட்டு வந்தார்கள். மாப்பிள்ளைக்கு ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இரும்புச் சாமான் கடை. அவர் நல்லவர். பெண் டென்னிஸ் ஆடுவாள் என்று நீ பெருமையாகச் சொன்னபோது, அவர்கள் வீட்டில் அதை விளையாட்டுப் பிள்ளை என்ற பொருளில் எடுத்துக்கொண்டு சிரித்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகும் ஆடவிட வேண்டும் என்று கேட்க நீ வாயெடுத்தாய். அப்பா உன்னைப் பார்த்தார். நீ நிறுத்திக்கொண்டாய். எனக்கென்று வந்த அந்த ஆட்டத்தை உன்னைத் தவிர வேறு யாரும் பார்க்கவில்லை அண்ணா. அதை வைத்து நான் ஒரு மேட்ச்கூட ஆடவில்லை.

உனக்கும் தோள் வலி வந்தது. வயது ஏறியது. அப்பாவுக்குப் பிறகு நீயே அங்கே மார்க்கர் ஆனாய். ஒரு தடவை பிள்ளைப்பேற்றுக்கு வந்திருந்தபோது, அம்மா தடுத்தும் கேட்காமல் உன்னைப் பார்க்கக் கிளப்புக்கு நடந்து வந்தேன். நீ ஒரு கான்ட்ராக்டரோடு ஆடிக்கொண்டிருந்தாய். பருமனான மனிதர். அவருக்கு எட்டுகிற இடத்தில், அவருக்குப் பிடித்த உயரத்தில், ஒவ்வொரு பந்தையும் கொண்டுபோய் வைத்தாய். கடைசியில் அவரை ஜெயிக்கவும் விட்டாய். அவர் உன் தோளில் தட்டிவிட்டுப் போனார். நீ துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் வந்து பெஞ்சில் உட்கார்ந்தாய்.

"அடுத்தவன் ஆட்டத்த ஆடுறது எவ்வளவு அசதின்னு இப்பத்தான் தெரியுது," என்றாய்.

மெட்ராஸைப் பற்றி அன்று கேட்டுவிட வேண்டும் என்று நினைத்துத்தான் வந்திருந்தேன். ஆனால் நீ எழுந்து போய் எனக்குச் சாயா வாங்கி வந்தாய், வயிற்றுப் பிள்ளையைப் பற்றி விசாரித்தாய், ஆலுவாவில் ஆற்றில் தண்ணீர் ஏறியிருக்கிறதா என்று கேட்டாய். அடுத்த உறுப்பினர் ராக்கெட்டோடு வந்து நின்றார். பேச்சு அதோடு போயிற்று. பிறகு பார்த்தபோதெல்லாம் சுற்றி ஆட்கள் இருந்தார்கள். போன மழையில் உன் மாரடைப்புச் செய்தி வந்து, நான் மட்டாஞ்சேரி வந்து சேர்ந்தபோது உன்னைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள்.

கேட்க நினைத்ததை இப்போது எழுதுகிறேன். அந்த வாரம் நீ என்னைக் கேட்டிருக்கலாம் அண்ணா. இடது கையால் ஆடியிருப்பேன், உன் கால் பழகும்வரை ஆடியிருப்பேன், நீ ஜெயித்திருப்பாய். எனக்கென்று வந்த அந்தக் கை எப்படியும் ஆலுவாவில் இரும்புக் கடைக்காரர் வீட்டில் சோறு வடிக்கத்தான் வந்தது. அது உனக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தும் கேட்கவில்லையே என்று சில நாள் உன் மேல் கோபம் வருகிறது. பாத்திரத்தை ஓசையோடு வைக்கிறேன்.

ஆனால் பிறகு என் வாழ்க்கையில் வந்தவர்கள் எல்லோரும் என்னிடம் ஏதாவது ஒன்றாக இருக்கச் சொல்லித்தான் கேட்டிருக்கிறார்கள். நான் இருந்திருக்கிறேன், அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. நீ ஒருவன்தான், உன் வாழ்க்கையிலேயே பெரிய மேட்ச்சுக்கு முன்னால், எனக்கு எதிரே வந்து நின்று, நான் நானாக ஆடுவதற்குக் காத்திருந்தாய். அந்தக் காலைகளைத்தான் இன்னும் வைத்துக்கொண்டிருக்கிறேன். அவை எனக்குக் கிடைக்காமல் போயிருந்தாலும், நீ ஜெயித்திருந்தால் போதும் என்று தோன்றுகிற நாட்களும் உண்டு. அப்படித் தோன்றாத நாட்களும் உண்டு.

உன்,
பாப்பா