அக்காவின் ரயில் பலகை

என் ஆசை அக்காவுக்கு,

நீங்கள் போய் ஒரு மாதம்; உங்கள் அந்தியேட்டிக் கிரியையும் முடிந்துவிட்டது. நம் அண்ணன் செத்தவீட்டில் எல்லோருக்கும் கேட்க அழுதார். வந்தவர்களிடம், "என்ர தங்கச்சி தன்ர கையால ரயிலுக்குப் பலகை செய்தவள்" என்று பெருமையும் பேசினார். குசினிக்குள் அடுப்படியில் நின்று கேட்ட எனக்கு அழுகை நின்றுபோனது. அந்த மனிதருக்கு மறதியா, வெட்கமில்லையா, அக்கா?

எனக்கு மறக்கவில்லை. வெள்ளைக்காரக் கடற்படை திருகோணமலையை விட்டுப் போன காலம். தளத்தில் தட்டெழுத்து வேலை பார்த்த நீங்கள், ஊருக்குப் புறப்பட்ட ஓர் அதிகாரியின் வீட்டுச் சாமான்களில் அந்தச் சின்ன விளையாட்டு ரயிலையும் அதன் தண்டவாளத்தையும் வாங்கி வந்தீர்கள். சாவி கொடுத்தால் ஓடும். அன்புவழிபுரத்து வீட்டின் சீமெந்துத் தரை மேடும் பள்ளமுமாக இருந்ததால், ஒரு சுற்று முடியுமுன் கவிழ்ந்தது. அதற்காகத்தான் பலகை.

துறைமுகத்தில் கழித்த தேயிலைப் பெட்டிகளின் பலகையை வாங்கினீர்கள். முதலில் செய்தது கடற்காற்றில் வளைந்துபோனது. கழற்றி, அடியில் தேக்கஞ்சட்டம் அடித்து, குறுக்கே நெருக்கமாகச் சட்டங்கள் கொடுத்துத் திரும்பப் பூட்டினீர்கள். நாங்கள் குந்தும் கதிரைகள் வெளி விறாந்தைக்குப் போயின. ஹோல் முழுக்கப் பலகை. ரயில் கவிழாமல் சுற்றி வந்த அன்று நீங்கள் சிரித்த சிரிப்பை அண்ணன் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் விளங்கியிராது.

அப்போதுதான் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர். ஒவ்வொரு பயற்றம் பணியாரத்தையும் கடிக்குமுன் தாயின் முகத்தைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்ததாக நினைவில்லை. தாய் பலகையைச் சுற்றி நடந்து முகம் சுளித்தார்.

"பொம்பிளைப் பிள்ளை தச்சு வேலை செய்யிற வீட்டிலை நாங்கள் சம்பந்தம் வைக்க ஏலாது."

அண்ணன் விழுந்தடித்துக்கொண்டு, அதை நாளைக்கே அடுப்பில் வைப்பதாக வாக்குக் கொடுத்தார். உங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தப் பணியாரம் தின்னிக்காக!

அவர்கள் போனதும் நீங்கள் பலகைக்குக் கீழே படுத்துத் திருகாணிகளைக் கழற்றத் தொடங்கினீர்கள். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

"உன்ர கலியாணம் பெரிசு, பிள்ளை. இது வெறும் பலகை."

"எனக்கு உந்த மாப்பிள்ளை வேண்டாம். திரும்பப் பூட்டுங்கோ."

கழற்றிய திருகாணியைத் திரும்பக் கையில் எடுத்தீர்கள். பிறகு, "அப்ப அந்தப் பக்கத்தைப் பிடி" என்றீர்கள்.

அந்தச் சம்பந்தம் அத்தோடு நின்றது; அதற்குப் பிறகு வேறு வரவில்லை. பலகைதான் காரணமென்று அண்ணன் ஊர் முழுக்கக் கதைத்துத் திரிந்தார். எனக்குக் கவலையா என்று நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்கப் பயந்தீர்களா? சில வருடங்கள் கவலைதான், அக்கா. அந்தக் கிளாக்கர் கடைத்தெருவில் தாய்க்குக் குடை பிடித்துக்கொண்டு போவதைக் கண்ட நாளில் அது போய்விட்டது. இளம் மனைவி பின்னால் வெயிலில் நடந்துகொண்டிருந்தாள்.

நேற்று அண்ணன் ஒரு கைவண்டியோடு வந்தார்.

"பலகை நல்ல பலம். என்ர கடையிலை அரிசி மூட்டை அடுக்கலாம்" என்றார்.

நான் அவருக்குத் தேத்தண்ணீர்கூட ஊற்றவில்லை. தர ஏலாது என்று சொன்னேன்.

"இனி ஆர் ரயில் விடப்போகினம்?"

"நான்."

நாற்பது தாண்டியவளின் பேச்சைக் கேட்டு அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடியும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு கதவைத் திறந்துவிட்டேன். வெறும் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்; அதைத் தள்ளவும் மூச்சு வாங்கியது.

அவர் போனபின் தண்டவாளத்தை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து ரயிலை விட்டேன். யன்னலோர மூலையில் தடுக்கி நின்றது. கீழே படுத்துப் பார்த்தேன்; ஒரு சட்டம் கழன்றிருக்கிறது. நாளைக்கு நானே பூட்டுவேன். கோணலாக வந்தால் கழற்றி மறுபடியும் பூட்டுவேன். நான் உயிரோடு இருக்கும்வரை இந்தப் பலகையில் ரயில்தான் ஓடும், அக்கா. அண்ணனின் மூட்டை ஏறாது.

அந்தப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டே நிற்கும்,
உங்கள் தங்கச்சி பரிமளம்