பாப்பா தலையைத் திருப்பியபோது

அன்புள்ள அப்பாவுக்கு,

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன், ஒன்றையும் மறைக்கமாட்டேன். உங்கள் முழங்கால் வலி தேவலையா? ஆஸ்பத்திரியில் நானும் அம்மாவும் நலம்.

நேற்று தங்கச்சி பாப்பாவுக்கு ஐந்து முறை வலிப்பு வந்ததாக நர்ஸ் அக்கா குறித்திருந்தார். அதைப் பார்த்து டாக்டர் இன்று மருந்தைக் கூட்டச் சொன்னார். போன தடவை கூட்டியபோது அவள் நான்கு நாள் கண்ணே திறக்கவில்லையே!

நர்ஸ் அக்காவும் டாக்டரும் ஊசியோடு வரும்போதே பாப்பா தலையை வெட்டி வெட்டித் திருப்பினாள்.

"பாருங்க டாக்டர், மறுபடியும்!" என்றார் நர்ஸ் அக்கா.

"வலிப்பு இல்லக்கா, தண்ணி கேக்கிறா," என்றேன்.

"ஓஹோ, பெரிய டாக்டரம்மா வந்துட்டாங்க!"

அம்மா ஒரு ஸ்பூன் தண்ணீர் புகட்டினாள். பாப்பாவின் தலை நின்றது.

டாக்டர் ஊசியை நிறுத்தினார். "பேச முடியாத இவ பாஷை எங்களுக்குத் தெரியலம்மா. ஒவ்வொண்ணா எழுதிக் கொடுங்க, கேஸ் ஷீட்லயே வைக்கிறேன்," என்று அம்மாவிடம் சொன்னார்.

மருந்தைக் கூட்டுவதா வேண்டாமா என்று வெள்ளிக்கிழமைதான் முடிவாம். பாப்பா மூக்கைச் சுருக்குவதையும் வலிப்பு என்றே குறித்திருக்கிறார்கள். அதற்கு அர்த்தம் உங்களுக்குத்தான் தெரியும். உடனே எழுதுங்கள், முடிந்தால் நேரிலேயே வந்து சொல்லுங்கள், அப்பா.

அவசரமாக முடிக்கிறேன். வார்டில் குழந்தைகளின் மதியத் தூக்கத்துக்காக விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.

உங்கள் மூத்தவள்